ராயிசாவை ஒற்றை ஆளாய்த் தூக்கியவன்

அர்காதிக்குப் பதக்கம் கொடுத்த அன்று வாசிக்கப்பட்ட காகிதத்தில் ஒரு வரி சுத்தப் பொய். "இடிந்த நிலவறைக்குள் இறங்கி, படுகாயம் அடைந்த பெண்மணியை ஒற்றை ஆளாகத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்" என்று கர்னல் கணீரென்று வாசித்தார். மண்ணுக்கடியில் ஒரே ஒரு வாரம் வேலை பார்த்தவன்கூட அதைக் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். அர்காதி பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவன். அவன் சிரிக்கவில்லை. தன் பூட்ஸ் நுனியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்தப் பொய் எப்படி வந்தது என்பதுதான் கதை. அதற்கு முன்னால் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும்.

வீரன் என்றதும் நெடுநெடுவென்று ஒருவனை மனதில் வரைந்திருந்தால் அழித்துவிடுங்கள். நாற்பத்தேழு வயது, குள்ளம், வழுக்கை, வளைந்த கால். சூப்பில் உப்புக் குறைந்தால் அரை மணி நேரம் புலம்புவான். தோன்பாஸில் நிலக்கரி தோண்டும் ஊர் ஒன்றில் பிறந்து, அப்பா இறங்கிய அதே குழியில் தானும் இறங்கியவன். அந்த ஊர் இப்போது ரஷ்யர்கள் கையில். மனைவி நீனா பொல்தாவா நகரத்தில் ஒரு வாடகை அறையில் இருக்கிறாள். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பது அவன் பழக்கம். கடை, சர்ச், மாமியார் வீடு எதுவானாலும் சரி. கல்யாணத்தில் பாதிரியார் மோதிரத்தை நீட்டியபோதும் இந்த மனுஷன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்று நீனா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். படையில் அவனுக்குப் பெருச்சாளி என்று பெயர் வைத்தார்கள். வயர்லெஸ்ஸில் கூப்பிடுவதும் அந்தப் பெயர்தான்.

அவன் வேலை துப்பாக்கி வேலை அல்ல, காயம்பட்டவர்களைத் தூக்கி வருவது. ஒரு ஸ்ட்ரெச்சருக்கு நான்கு பேர் என்பது சட்டம். ஆள் பஞ்சத்தில் சட்டத்துக்கு எங்கே போவது? அவனும் ஸெனிக்கும்தான், முன்னே ஒருவன், பின்னே ஒருவன். ஸெனிக் மலைநாட்டுக்காரன், வாய் ஓயாதவன், குண்டு விழும்போதும் தன் ஊர் வெண்ணெயின் பெருமை பேசுகிறவன். பிப்ரவரியில் ஒரு நாள் முழங்கால் சேற்றில் ஆறு கிலோமீட்டர் ஒருவனைச் சுமந்து வந்து ஆம்புலன்ஸ் வண்டியில் ஏற்றினார்கள். ஏற்றி முடித்ததும் ஸெனிக், "ஒரு நிமிஷம் இருடா, மூச்சு வாங்கிக்கறேன்" என்று சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவன் உடம்பில் ஒரு கீறல்கூடக் கிடையாது. இதயம் நின்றுபோயிருந்தது.

அர்காதி அழவில்லை. அவனுக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தைச் சோற்றோடு பிசைந்து தின்றான் என்றே சொல்லலாம். "இன்னும் ரெண்டு பேர் பிடிச்சிருந்தா அவன் உயிரோட இருப்பான். அந்த ரெண்டு பேர் எங்க? எவ வீட்டுக் கட்டிலுக்கு அடியிலயாவது படுத்திருப்பானுங்க" என்று பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொன்னான். ஸெனிக்கின் ஹெல்மெட் வண்டியின் பின் இருக்கையில் கிடந்தது. அதைத் தொடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் யாரும் தொடவில்லை.

மார்ச் மாதம் மூன்றாவது வாரம், காலை பதினொன்று பத்துக்கு யாருஷ்கி கிராமத்தில் விமானக் குண்டு விழுந்தது. ரஷ்ய எல்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நாற்பது வீடு, ஒரு கிணறு, ஒரு கடை, அவ்வளவுதான் ஊர். அங்கே படையும் இல்லை, பீரங்கியும் இல்லை. எதற்குப் போட்டான் என்பதைப் போட்டவனைத்தான் கேட்க வேண்டும். பக்கத்தில் இருந்த வண்டி அர்காதியுடையது என்பதால் அவர்கள் போனார்கள். வண்டியை ஓட்டுவது தீனா. வைத்தியம் பார்ப்பதும் அவள்தான், வண்டிக்குத் தலைமையும் அவள்தான். இருபத்தாறு வயது. சொல் பேச்சுக் கேட்காவிட்டால் அப்பா வயதுக்காரனையும் உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவாள்.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாவட்டத்திலிருந்து தீயணைப்புக்காரர்களும் வந்துவிட்டிருந்தார்கள். காயம்பட்ட இரண்டு பேரை அவர்கள் வண்டியிலேயே ஏற்றி அனுப்பியாயிற்று. மிச்ச வீடுகளைப் பார்ப்பதற்குள் வயர்லெஸ் கத்தியது: இன்னொரு விமானம் மேலே ஏறிவிட்டது, எல்லாரும் ஊரைவிட்டு மரவரிசைக்குப் போய்விட வேண்டும். இதுவும் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். முதல் குண்டு வீட்டில் இருப்பவனுக்கு, இரண்டாவது குண்டு காப்பாற்ற வந்தவனுக்கு. இரண்டுக்கும் நடுவே அரை மணி, முக்கால் மணி விடுவார்கள், கூட்டம் சேரட்டும் என்று.

வண்டிகள் கிளம்பின. அர்காதி ஏறப்போனவன் ஒரு காலைத் தரையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். தெருக்கோடியில், இடிந்து விழுந்த ஒரு வீட்டின் வேலிப் பக்கம், ஆம்பிளைக் கோட்டுப் போட்ட ஒரு பருத்த பெண்மணி அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி, பெயர் லியூபா.

"அக்கா, அந்த வீட்டுல யாரு இருக்கா?"

"யாரும் இல்ல தம்பி. ராயிசா வீடு. அவ தங்கச்சி ஊருக்குப் போயிட்டா. தீயணைப்புக்காரங்ககிட்டயும் சொல்லிட்டேன். நீங்க போங்க."

"காலி வீட்டுக்கு நீங்க எதுக்குக்கா காவல் நிக்கிறீங்க?"

"என் வேலி. நான் நிப்பேன், உக்காருவேன், உனக்கென்ன?"

வாய் அப்படிச் சொன்னது. கை கோட்டுப் பித்தானைத் திருகித் திருகி அறுத்துவிட்டிருந்தது. அர்காதி அதைப் பார்த்தான். பிறகு வீட்டைப் பார்த்தான். செங்கல் குவியலுக்கு நடுவே அடுப்புச் சாம்பல் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. தங்கச்சி ஊருக்குப் போனவள் அடுப்பை மூட்டிவிட்டா போவாள்?

வீட்டுக்குப் பின்னால் நிலவறையின் மண்மேடு. உருளைக்கிழங்கும் ஊறுகாய் ஜாடியும் வைக்கிற நிலவறை அந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அதன் வாசல்மேல் சமையல் கொட்டகை சரிந்து கிடந்தது. மேட்டின் உச்சியில் காற்றுக்குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அர்காதி மண்டி போட்டுக் குழாயில் மூக்கை வைத்தான். காலி நிலவறை குளிர்ந்த கிழங்கு வாசனை அடிக்கும். இதில் சூப்பு, பழைய போர்வை, கால்மேஜோடு, சிகரெட் எல்லாம் கலந்து ஆள் வாழ்ந்த காற்று அடித்தது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, மாதக்கணக்காக வாழ்ந்த காற்று.

"உள்ள யாரு?" என்று குழாய்க்குள் கத்தினான். பதில் இல்லை. சாவியால் குழாயைத் தட்டினான், மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. சுரங்கத்தில் அப்படித் தட்டினால் சாகக் கிடப்பவனும் திருப்பித் தட்டுவான். இங்கே கம்மென்று இருந்தது.

பிறகு ஒரு பெண்ணின் முனகல் கேட்டது. அது பாதியில் அறுந்தது. வலியில் முனகுகிறவளின் குரல் மெல்ல மெல்லத்தான் தேயும். இது கத்தரித்தாற்போல் நின்றது. யாரோ வாயை அடைத்திருக்கிறார்கள்.

அர்காதிக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கிவிட்டது. சீருடைக் குரலைக் கேட்டு வாயை அடைத்துக்கொள்கிற வீட்டில் என்ன இருக்கும்? ஒளிந்திருக்கும் ஒருவன் இருப்பான். படைக்குக் கூப்பிட்ட கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து சிகரெட் பிடிக்கும் ஒருவன். ஊரே அவனை மூடி மறைத்திருக்கிறது. அதனால்தான் "காலி வீடு".

அவனுக்கு ரத்தம் தலைக்கேறியது. ஸெனிக் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தது கண்முன் வந்தது. கிடக்கட்டும் என்று எழுந்தே விட்டான். எழுந்து இரண்டடி வைத்தும் விட்டான். இதை அவனே பிற்பாடு நீனாவிடம் சொன்னான், மறைக்கவில்லை.

"அண்ணே, வண்டி கிளம்புது. உங்களைத்தான் சொல்றேன்" என்று வயர்லெஸ்ஸில் தீனா.

லியூபா வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தம்பி, நான் ஒண்ணும் சொல்லல" என்றாள். "ஆனா தோண்டு."

அவன் வயர்லெஸ்ஸை எடுத்தான். "தீனா, நீ மரத்தடிக்குப் போ. உள்ள ஒரு பொம்பளை இருக்கு. அடிபட்டிருக்கு."

"விமானம் மேல இருக்குண்ணே."

"அது அங்க இருக்கு. நான் கீழ போறேன்."

வயர்லெஸ்ஸில் அதற்குப் பிறகு வந்ததை அச்சில் போட முடியாது. அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

லியூபா ஒரு கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டுவந்தாள். கொட்டகைச் சட்டங்களை இழுத்துப் போட்டார்கள். அடியில் நிலவறை வாசலின் கான்கிரீட் பலகை நடுவில் பிளந்து, ஒரு பக்கம் சரிந்து தொங்கியது. அதற்கும் படிக்கும் நடுவே இரண்டு சாண் சந்து. அர்காதி கவச உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, கடப்பாரையோடு, கால் முதலில் போக நுழைந்தான். நுழையும்போதும் அண்ணாந்து பார்த்தான்.

டார்ச் வெளிச்சத்தில் தரை முழுக்கச் சிவப்பு. குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தான். பிறகுதான் அது உடைந்த தக்காளி ஜாடி என்று தெரிந்தது. அந்தச் சிவப்புக்கு நடுவே, கிழங்குத் தொட்டியில் சாய்ந்து ராயிசா கிடந்தாள். ஐம்பத்தாறு வயது, எலும்பும் நரம்புமான உடம்பு. வலது தொடையில் ஒரு பெல்ட் முறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. அதற்குக் கீழே இருந்த சிவப்பு தக்காளி அல்ல. வாயில் தன் தலைத்துணியையே திணித்துக் கடித்துக்கொண்டிருந்தாள். வாயை அடைத்தது வேறு யாரும் இல்லை, அவளேதான்.

துணியை எடுத்துவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான் மட்டும்தான் இருக்கேன். நீ போ."

"பின்னால மூச்சு விடுறது யாரு?"

"பூனை."

"உங்க வீட்டுப் பூனை சிகரெட் பிடிக்குமாக்கா?"

முட்டைக்கோஸ் புளிக்க வைத்த மரப்பீப்பாய்க்குப் பின்னாலிருந்து ஒருவன் எழுந்தான். முப்பது வயதிருக்கும். தாடியும் மீசையும் புதர்போல. வெயில் படாத முகம் மாவுபோல் வெளுத்திருந்தது. அவள் மகன் ரோஸ்திக். "கூப்பிடலாம்னுதான் சொன்னேன்" என்றான். "அம்மா சட்டையைப் பிடிச்சுக்கிட்டு விடல. சத்தம் போட்டா செத்துருவேன்னு சொன்னா."

"பெல்ட்டை எப்பக் கட்டின?"

"குண்டு விழுந்த உடனே."

அப்படியானால் பதினொன்று பத்து. ஒரு காலை அப்படி இறுக்கிக் கட்டினால் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். அதற்குமேல் காலை எடுத்துவிட வேண்டியதுதான், அதற்குள் அவளே போய்ச் சேராமல் இருந்தால். இப்போது மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம். மருத்துவமனை குண்டும் குழியுமான ரோட்டில் முக்கால் மணி நேரம். டாக்டர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று அர்காதி பேனாவை எடுத்து அவள் நெற்றியில் 11.10 என்று எழுதினான்.

"நான் வரமாட்டேன்" என்றாள் ராயிசா. "மூத்தவனைப் படைக்குக் கொடுத்தாச்சு. கொடி போத்தி அனுப்பினீங்க. இவனையும் பிடிச்சிட்டுப் போகத்தானே வந்திருக்க? நான் செத்தா அவன் இங்கயே இருப்பான். லியூபா கஞ்சி ஊத்துவா."

அர்காதி என்ன சொல்லியிருக்க வேண்டும்? ஆறுதலாக நாலு வார்த்தை. அவனுக்கு வந்ததோ வேறு. "என் கூட்டாளி செத்துட்டான்கா" என்றான். "ஸ்ட்ரெச்சருக்கு மறுமுனை பிடிக்க ஆள் இல்லாம செத்தான். உங்க பையனைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஆனா அது அவனுக்கும் எனக்கும் உள்ள கணக்கு. உங்க காலுக்கு மணி ஓடிக்கிட்டிருக்கு. வாங்க."

அவள் கிழங்குத் தொட்டியின் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அவன் விரல் விரலாகப் பிரித்தான். அப்போதுதான் கடித்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, பல் எலும்பில் படுகிற மாதிரி ஒரு கடி. அவன் கையை உதறவில்லை. அவள் களைத்து வாயைத் திறக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தான். பிறகு ரோஸ்திக்கைப் பார்த்து, "தார்ப்பாயை விரி" என்றான்.

சிக்கல் வாசலில் இருந்தது. அந்த இரண்டு சாண் சந்தில் காலை மடக்க முடியாதவளை இழுக்க முடியாது. உள்ளேயிருந்து ஒருவன் கடப்பாரை கொடுத்துப் பலகையை இன்னொரு சாண் தூக்கிப் பிடிக்க வேண்டும், வெளியேயிருந்து ஒருவன் தார்ப்பாயோடு அவளை இழுக்க வேண்டும். பீப்பாயை முட்டுக் கொடுக்கலாம்தான். ஆனால் அது நடுவழியை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஊர்ந்து போக ஓர் ஆளுக்கு இடம் இருக்கும், அவளுக்கு இருக்காது. எப்படிப் பார்த்தாலும் இரண்டு ஆள் வேலை.

"நான் தூக்குறேன். எனக்கு பலம் ஜாஸ்தி" என்றான் ரோஸ்திக்.

"நான் விடச் சொல்றவரைக்கும் விடக் கூடாது. விட்டா உங்கம்மா ரெண்டு துண்டு."

அவன் கடப்பாரைக்குத் தோள் கொடுத்தான். பலகை முனகிக்கொண்டே மேலே எழுந்தது. அர்காதி வெளியே ஊர்ந்து, தார்ப்பாய் முனையைக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தான். லியூபாவும் பிடித்தாள். ராயிசாவின் தலை வந்தது, தோள் வந்தது, கட்டுப்போட்ட கால் பலகையில் உரசியபோது அவள் வானம் கிழியக் கத்தினாள். முழுதாக வெளியே வந்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டாவது குண்டு விழுந்தது.

ஊரின் மறுகோடியில்தான் விழுந்தது. ஆனால் தரை ஒரு முறை தூக்கிப் போட்டது. மூவர்மேலும் மண் கொட்டியது. காது அடைத்துப்போன நிலையில் அர்காதி திரும்பிப் பார்த்தான். பலகை இறங்கியிருந்தது. சந்து ஒன்றரைச் சாண். உள்ளே இருட்டில் ரோஸ்திக்கின் முழங்கால் மட்டும் தெரிந்தது. கடப்பாரை நழுவிவிட்டது; அவன் தோளாலும் முதுகாலும் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தான்.

புழுதிக்குள்ளிருந்து வண்டி வந்து நின்றது. தீனா மரத்தடிக்குப் போகவே இல்லை, தெருமுனையில்தான் நின்றிருக்கிறாள். இறங்கி ஓடிவந்து ராயிசாவின் நாடியைப் பிடித்தவள், "ஏத்துங்க, கிளம்பலாம்" என்றாள்.

ராயிசா அர்காதியின் முகத்தையே பார்த்தாள். உள்ளே இருப்பவன் எவனோ ஒருவன், சட்டப்படி அங்கே இல்லாதவன். அவனை விட்டுவிட்டுப் போனால் கேட்பார் கிடையாது. போன மாதம் முழுக்க அர்காதி யாரைச் சபித்தானோ அவனேதான் அவன்.

"ஒரு நிமிஷம்" என்று தீனாவிடம் சொல்லிவிட்டு அவன் மறுபடி சந்துக்குள் நுழைந்தான். ஒரு நிமிஷம் என்று சொன்னபோது தன் வாயையே அடித்துக்கொள்ளத் தோன்றியது அவனுக்கு. ஸெனிக் கடைசியாகச் சொன்னதும் அதுதான்.

ரோஸ்திக்கின் மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. "போயிடுங்கண்ணே, தாங்காது" என்றான். அர்காதி முட்டைக்கோஸ் பீப்பாயைச் சாய்த்தான். குளிர்காலம் பூராவும் தின்றது போக, மார்ச்சில் அதில் பாதிதான் இருந்தது. நிறைய இருந்திருந்தால் அசைத்திருக்க முடியாது. உருட்டிக்கொண்டு வந்து, பலகையின் விளிம்புக்குக் கீழே நிமிர்த்தி, தொட்டிச் சட்டத்தை உடைத்து இடுக்கில் அடித்தான்.

"இப்ப விடு. மெதுவா."

"முடியல. கை வரல."

பயத்தில் உடம்பு பூட்டிக்கொள்ளும். புதிதாகக் குழியில் இறங்குகிறவர்களிடம் அவன் அதைப் பார்த்திருக்கிறான். பீப்பாய் மேல் பாரம் ஏறி மரம் கிரீச்சிட ஆரம்பித்தது. ரோஸ்திக்கின் கண்கள் பிதுங்கின.

"அந்தச் சத்தம் கேக்குதா?" என்றான் அர்காதி, ஏதோ கடைவீதியில் நின்று பேசுகிறவன்போல. "இரும்பு சொல்லாமக் கொள்ளாம முறியும். மரம் நல்ல சாதி, சொல்லிட்டுத்தான் முறியும். கத்துறவரைக்கும் நமக்கு நேரம் இருக்கு. சத்தம் நின்னாத்தான் பயப்படணும். ஒரு தோளை எடு. ஆங். இப்ப இன்னொண்ணு. தலையைக் குனி. போ."

ரோஸ்திக் பீப்பாய்க்குப் பக்கத்தில் ஊர்ந்தான். அர்காதி அவன் காலைத் தள்ளிக்கொண்டே பின்னால் ஊர்ந்தான். அர்காதி இடுப்புவரை வெளியே வந்திருப்பான். கிரீச் நின்றது. லியூபா அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தாள். பீப்பாய் வெடித்துப் பலகை உட்கார்ந்தது. புளித்த முட்டைக்கோஸ் அவன் கால்மேல் எல்லாம் தெறித்தது.

வண்டிக்குப் பக்கத்தில் தீனா ரோஸ்திக்கை மேலும் கீழும் பார்த்தாள். தாடி, வெளுத்த முகம், மண். அவள் ஒன்றும் முட்டாள் அல்ல. "இது யாரு?"

அர்காதி பின் இருக்கையிலிருந்து ஸெனிக்கின் ஹெல்மெட்டை எடுத்தான். தூசியைத் தட்டினான். ரோஸ்திக்கின் தலையில் வைத்து வாரை மாட்டினான். "ஸ்ட்ரெச்சரோட மறுமுனை" என்றான்.

தீனா அந்த ஹெல்மெட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு வண்டியைக் கிளப்பினாள்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. மாதக்கணக்கில் ஒளிந்திருந்தவன் பிடிபட வேண்டுமென்றால் அங்கேதான் பிடிபட வேண்டும். காவலுக்கு நின்றவன் கதவைத் திறந்து தலையை விட்டான். மூன்று ஹெல்மெட், நெற்றியில் நேரம் எழுதிய பெண், ரத்தம், முட்டைக்கோஸ் நாற்றம். ராயிசா மகன் கையை விட்டுவிட்டு, அர்காதியின் கையைப் பிடித்துக்கொண்டாள், கடித்த கையைத்தான். அரை மயக்கத்திலும் அவளுக்கு அந்தச் சாமர்த்தியம் இருந்தது. காவல்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு, "போங்க போங்க" என்றான்.

ஒரு மணியாக இரண்டு நிமிடம் இருக்கும்போது அறுவைச் சிகிச்சைக் கூடத்துக் கதவு மூடியது. கால் பிழைத்தது.

தாழ்வாரத்தில் ரோஸ்திக் ஹெல்மெட்டைக் கழற்றி பெஞ்சில் வைத்தான். "நான் போகட்டுமா?"

"நான் யாரையும் பாக்கல" என்றான் அர்காதி. பின்பக்கக் கதவு வழியாக ரோஸ்திக் போனான். அர்காதிக்கு மனம் குளிர்ந்துவிட்டது என்று சொன்னால் அதுவும் பொய். நல்ல தோள் ஒன்றைத் தெருவில் விட்டோமே என்று இரண்டு நாள் அவன் தூங்கவில்லை.

அறிக்கை எழுதும்போது தீனா கேட்டாள், "எத்தனை பேர் தூக்கினீங்கன்னு இங்க ஒரு கட்டம் இருக்குண்ணே."

"ஒருத்தன்."

"ஒருத்தன்" என்று எழுதினாள். "உங்களுக்கு ஏதாவது காயம்?"

அவன் கையைக் காட்டினான். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவளுக்கே தெரியவில்லை. "நாய்க்கடின்னு போட்டா ஊசி போடுவாங்க, பரவாயில்லையா?" என்றாள்.

இப்படித்தான் அந்த வரி வந்தது. ஜூன் மாதம், மாவட்டக் கலையரங்கில், கர்னல் அதை வாசித்தார். கைத்தடியோடு ராயிசா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் லியூபா, அன்றைக்குக் கோட்டில் எல்லாப் பித்தானும் இருந்தது. பத்திரிகைக்காரி ஒருத்தி வந்து, "உண்மையிலேயே ஒருத்தராவாம்மா தூக்கினார்?" என்று கேட்டாள்.

"ஒருத்தராத்தான். என் ரெண்டு கண்ணால பாத்தேன்" என்றாள் ராயிசா.

"நானும் பாத்தேன்" என்றாள் லியூபா. யாருஷ்கியிலிருந்து வந்த அத்தனை பேரும் தலையை ஆட்டினார்கள்.

கூட்டம் கலைந்தபின் வெளிப்படியில் ராயிசா அவனைத் தனியாக நிறுத்தினாள். "கை ஆறிடுச்சா?"

"ஆறிடுச்சுக்கா. தழும்பு இருக்கு."

"இன்னும் அழுத்திக் கடிச்சிருக்கணும்."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"ரோஸ்திக் ஏப்ரல்லயே போய்ப் படையில கையெழுத்துப் போட்டுட்டான். ஸ்ட்ரெச்சர் தூக்குறான்" என்றாள். "நீ எனக்காக உள்ள வந்த, அது வேற. அவனுக்காகத் திரும்பப் போனியே, அதுலதான் கெட்டான். எட்டு மாசம் மண்ணுக்குள்ள வச்சுக் காப்பாத்தினேன், நீ ஒரு நிமிஷத்துல கெடுத்துட்ட." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "என்கிட்டப் பேசினா நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்னு சொல்லுவான். உன்கிட்ட உண்மையைச் சொல்லுவான். இந்தா நம்பர். இப்பவே பேசு, என் முன்னால."

நான்காவது மணியில் எடுத்தான். "நான்தான்டா" என்றான் அர்காதி. மறுமுனைக் குரல் கம்மியிருந்தது. "பெருச்சாளி அண்ணனா?"

"எத்தனை பேருடா தூக்குறீங்க?"

"நேத்து வரைக்கும் மூணு பேருண்ணே. இன்னிக்கு நானும் இன்னொருத்தனும். எட்டு கிலோமீட்டர். இப்பத்தான் வந்தேன், மறுபடி போகணும்." பிறகு, "அம்மா பக்கத்துல இருக்காளா?"

"இருக்காங்க."

"அப்ப ஒண்ணும் சொல்லாதீங்க."

அர்காதி போனை வைத்தான். ராயிசா அவன் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "என்ன சொன்னான்?"

"நாலு பேர் இருக்காங்களாம்கா. நல்லாச் சாப்பிடறானாம்."

"என்னை ஒருத்தனாத் தூக்கினேன்னு சொன்ன மாதிரியே சொல்ற" என்றாள். பிறகு படியிறங்க அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தழும்பிருந்த கையைத்தான் பிடித்தாள்.